இராவணன் மீசைப் புதர்களை அகற்றலாமா? சிலவற்றில் மட்டும் முள் உருண்டை வருவது ஏன்?

கேட்டவர்: கடலோரப் பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய கிராமம் ஒன்றில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மணல்மேடு இருக்கிறது. அதன் கடல் பக்கச் சரிவு முழுக்க இராவணன் மீசை என்ற முள்புல் அடர்ந்து கிடக்கிறது. வெளிறிய பச்சை நிறம். இலையின் நுனி ஊசி போலக் குத்தும். பந்து எடுக்கப் போகும் பிள்ளைகள் காலில் கீறலோடு திரும்பி வருவது வழக்கமாகிவிட்டது.

அடுத்த மாதம் கடற்கரைத் தூய்மைப் பணி நடக்க இருக்கிறது. உதவ முன்வந்திருக்கும் அமைப்பினர், பிளாஸ்டிக் குப்பையோடு இந்தப் புதர்களையும் பொக்லைன் வைத்து வாரிவிட்டு, அதே இடத்தில் சவுக்குக் கன்றுகள் வைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். வலை காயவைக்க இடைஞ்சலாக இருக்கிறது, போனால் நல்லது என்கிறார்கள் சிலர். அதில் கை வைத்தால் மணல் ஊருக்குள் வந்துவிடும் என்று வயதானவர்கள் தடுக்கிறார்கள். தலைமை ஆசிரியர் என்னிடம் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியும் நிற்கிறது. கோயில் பக்கத்துப் புதர்களில் எல்லாம் முள் உருண்டை வருகிறது, படகுத்துறைப் பக்கத்துப் புதர்களில் கதிர் மட்டுமே கொத்தாக வருகிறது, இரண்டும் ஒரே செடியா என்று கேட்டாள். போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். இலையில், தண்டில் ஒரு வேறுபாடும் தெரியவில்லை.

ஆகவே என் கேள்விகள்: இரண்டும் ஒரே செடிதானா? இது நம் கரைக்கே உரியதா, வேறு நாடுகளிலும் உண்டா? வாரிவிட்டால் என்ன ஆகும்?

---

பதில்: சவுக்குத்தோப்பு

டீச்சர், நான் கடலூர் மாவட்டம். மூன்று தலைமுறையாகச் சவுக்கு வைத்திருக்கிறோம். வெறும் மணலிலும் வளரும், காற்றைத் தடுக்கும், நான்கைந்து ஆண்டில் வெட்டினால் கையில் காசு. இந்த முள்புல்லை எங்கள் ஆடுகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் ஊசி எதற்கு? வாரிவிட்டுச் சவுக்கு வையுங்கள். நிழலாவது கிடைக்கும்.

---

பதில்: ஓய்வுபெற்ற தாவரவியல் வாத்தியார்

ஆசிரியை அவர்களுக்கு, தயவுசெய்து பொக்லைனை நிறுத்திவையுங்கள். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

நான் பிறந்தது மீனவர் ஊர். கல்லூரியில் தாவரவியல் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றேன். ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துக்கொண்டு நம் கரையோரம் நடந்திருக்கிறேன். இத்தனை மரம் செடி கொடிகளுக்கு நடுவே இந்த ஒரு புல்லுக்காகத்தான் அதிகம் வாதாடியிருக்கிறேன். இன்றும் வாதாடத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் உங்கள் மாணவிக்கு. கெட்டிக்காரி, அவளிடம் நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே செடிதான். உருண்டை வருவது பெண், கதிர்க் கொத்து வருவது ஆண். நெல், சோளம், அருகு என்று நாம் அறிந்த புற்கள் பெரும்பாலானவற்றில் ஒரே செடியில் இரண்டும் உண்டு. மக்காச்சோளத்தில் உச்சியில் ஆண் பூ, இடுப்பில் பெண் கதிர். அதுவும் ஒரே செடிதான். பனையைப் போல ஆண் தனி, பெண் தனி என்று பிரிந்து நிற்பது புல் குடும்பத்தில் மிக அரிது. இராவணன் மீசை அந்த அரிய கூட்டத்தைச் சேர்ந்தது. பூக்காத காலத்தில் இலையையும் தண்டையும் வைத்து எது ஆண், எது பெண் என்று கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் வேறுபாடு தெரியவில்லை என்று எழுதியதும் சரியே.

கோயில் பக்கம் எல்லாம் பெண், படகுத்துறைப் பக்கம் எல்லாம் ஆண் என்று அமைந்ததற்கும் காரணம் உண்டு. இதன் தண்டு மணல்மேல் பல மீட்டர் ஓடும். கணுவுக்குக் கணு வேர் இறக்கி, அங்கே ஒரு புதர் எழும். நடுவில் தண்டு அறுந்தாலும் புதர் தனியாகப் பிழைத்துக்கொள்ளும். ஆகவே நீங்கள் இருபது புதர் என்று எண்ணுவது ஒரே விதையிலிருந்து கிளம்பிய ஒரே செடியாக இருக்கலாம். ஒரு பரப்பு முழுக்க ஒரே பாலாக நிற்பது அதனால்தான்.

உருண்டையை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வகுப்பிலேயே செய்யலாம், கைக்கு ஒரு பழைய துணி இருந்தால் போதும். ஒரு சாண் அகலத்துக்குக் குறையாத அந்தப் பந்து, நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் நீட்டிய முட்களால் ஆனது. ஒரு முள்ளைப் பிடித்து அடிவரைக்கும் போங்கள். அடியில், மெல்லிய மடல்களுக்கு நடுவே, நெல்மணியைவிடச் சற்று நீளமாக ஒரே ஒரு சிறுகதிர், அதாவது புல்லின் பூ அடங்கிய சிறு கூடு, ஒட்டியிருக்கும். விதை இருந்தால் அதற்குள்தான் இருக்கும். அந்த முள் தனியாக முளைத்த முள் அல்ல. சிறுகதிர்களைத் தாங்க வேண்டிய காம்புதான், ஒரே ஒரு சிறுகதிரை அடியில் வைத்துக்கொண்டு, மீதி நீளம் முழுக்க வெறுமையாகக் கூர்ந்து நிற்கிறது. ஆண் கதிரில் அதே காம்பின் நீளம் நெடுகச் சிறுகதிர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பூத்த நேரத்தில் தட்டினால் மகரந்தம் பறக்கும். இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு நான் எழுதியது ஒன்றும் தேவைப்படாது.

முற்றியதும் உருண்டை முழுதாகக் காம்பிலிருந்து கழன்று விழும். எடை கிடையாது. முள் நுனிகள் மட்டும் மணலில் படும். காற்று தள்ளத் தள்ள உருண்டும் துள்ளியும் கரையோரம் வெகுதூரம் ஓடும். போகிற வழியில் சிறுகதிர்கள் ஒவ்வொன்றாக உதிரும். எங்காவது தடுக்கி நின்றால் அதன்மேல் மணல் ஏறி மூடும். மழை வந்ததும் அங்கே நாற்று கிளம்பும். கடற்கரைப் பிள்ளைகள் இதைக் காற்றில் விட்டுத் துரத்தி விளையாடாத ஊர் ஏது!

இரண்டாவது கேள்வி. இந்தப் பேரினத்தின் பெயர் ஸ்பைனிஃபெக்ஸ். சிற்றினங்கள் மொத்தம் நான்குதான். நம்முடையது ஸ்பைனிஃபெக்ஸ் லிட்டோரியஸ். 1768இல் பர்மன் இதை ஸ்டைபா என்ற வேறொரு பேரினத்தில் வைத்து விவரித்தார். 1771இல் லின்னேயஸ் ஸ்பைனிஃபெக்ஸைத் தனிப் பேரினமாக்கினார். இப்போதைய பெயரை 1912இல் மெரில் அமைத்தார். பழைய தாவர நூல்களில் ஸ்பைனிஃபெக்ஸ் ஸ்குவாரோசஸ் என்று கண்டால் குழம்ப வேண்டாம், அதுவும் இதுவே.

லிட்டோரியஸ் ஆசியாவின் வெப்பக் கரைகளுக்கு உரியது. ஒடிசாவிலிருந்து கன்னியாகுமரி வரையிலும், அப்படியே திரும்பிக் கேரளம், கோவா என்றும் இருக்கிறது. இலங்கை, மியான்மர், தாய்லாந்து, வியட்நாம், சீனாவின் தென்கரை, தைவான், ஜப்பானின் தென்கோடித் தீவுகள், பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியா வரைக்கும் உண்டு. மற்ற மூன்றும் ஆஸ்திரேலியப் பக்கம். ஹிர்சூடஸ் என்பதை லபிலார்டியேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1807இல் விவரித்தார். அது அந்த நாட்டின் தென்மேற்கிலும் தெற்கிலும் வளர்வது. லாங்கிஃபோலியஸ், செரிசியஸ் இரண்டுக்கும் 1810இல் பெயரிட்டவர் ராபர்ட் பிரவுன். முன்னது மேற்குக் கரையிலும் வடக்கிலும், பின்னது கிழக்குக் கரையிலும் நியூசிலாந்திலும் இருக்கின்றன. நான்கும் கடற்கரை மணலை விட்டு உள்ளே வருவதில்லை.

உறவினர்களையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நம் கம்பும் தினையும் இதற்கு நெருங்கிய சொந்தம். மூன்றும் ஒரே துணைக் கூட்டத்தில் வருகின்றன. தினைக்கதிரில் மணிகளுக்கு நடுவே மயிர் போல நீட்டிக்கொண்டிருக்குமே, அவையும் சிறுகதிர் தாங்காமல் வெறுமையாக நின்றுபோன கிளைகள்தான். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவன மணல்மேடுகளின் உச்சியில் சைகோக்ளோவா என்று ஒரு புல் இருக்கிறது. அதுவும் ஆண் தனி, பெண் தனி. முன்பு அதை இதே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள்; 1941இல் பிரித்துவிட்டார்கள்.

இனி மூன்றாவது கேள்வி. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

உங்கள் மணல்மேடு முன்பே இருந்து, அதன்மேல் புல் வந்து ஏறியது என்று நினைக்காதீர்கள். மேட்டைக் கட்டுவதே இந்தப் புல்தான். கடலிலிருந்து காற்று அள்ளிவரும் மணல் இந்தப் புதருக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து கீழே விழுகிறது. புதர் பாதி மூடிப்போகிறது. வேறு செடியாக இருந்தால் மூச்சடைத்துச் செத்துவிடும். இது மூடிய கணுவிலிருந்து புது வேர் விட்டு, புதுத் தண்டை மேலே அனுப்பும். மறுபடி மணல், மறுபடி தண்டு. இப்படித்தான் ஓர் ஆள் உயரமும் அதற்கு மேலும் மேடு எழுகிறது. புதுமணல் வருவது நின்றுபோன இடத்தில் இந்தப் புல் மெலிந்துவிடுவதையும் பார்க்கலாம். மூடப்படுவதே இதற்கு உரம்.

இலையைப் பார்த்தாலும் தெரியும். தடித்து, உட்பக்கமாகச் சுருண்டு, பின்னோக்கி வளைந்திருக்கும். மேலே சாம்பல் பூசியதுபோல் மெழுகு. உப்புச்சாரல், கொதிக்கும் மணல், ஓயாத காற்று ஆகிய மூன்றையும் தாங்கவே இந்த அமைப்பு. உங்கள் பிள்ளைகளைக் குத்துவதும் அதே இலைதான். அதே இலைதான் ஆடுமாடு மேயாமல் மேட்டையும் காப்பாற்றிக் கொடுக்கிறது. சவுக்குத்தோப்பு அன்பர் குறையாகச் சொன்னதை நான் நிறையாகவே பார்க்கிறேன்.

சரிவில் இது தனியாகவும் நிற்பதில்லை. பக்கத்தில் ஊதாப் பூவோடு அடும்பங்கொடி படர்ந்திருக்கும். நெய்தல் பாடல்களில் வரும் அதே அடும்பு. அடும்பு மணலை மேலோடு போர்த்தும். இராவணன் மீசை மணலைப் பிடித்து உயர்த்தும். பொக்லைன் வந்தால் இரண்டும் போகும்.

புயல் நேரத்தில் அலை வந்து மேட்டின் அடியை அரிக்கும். அந்த மணல் வீணாவதில்லை. கரைக்கு முன்னால் கடலுக்குள் திட்டாகப் படிந்து, அடுத்து வரும் அலையின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். கடல் அமைதியானதும் மணல் கரைக்குத் திரும்பும். புல் இருந்தால் மேடு மறுபடி வளரும். புல்லை வாரிவிட்டால் அந்த மணலைப் பிடித்துவைக்க அங்கே ஆள் இல்லை. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன்: மணல் ஊருக்குள் வரும், பள்ளி வாசலுக்கும் வரும்.

சவுக்கு மேல் எனக்குப் பகை இல்லை. அதற்கு உரிய இடம் மேட்டுக்குப் பின்னால், ஊர் பக்கம். கடலைப் பார்த்த சரிவில் வைத்தால் அது நிழல் கட்டும், சருகைக் கொட்டி மணலை மூடும். முழு வெயில் கேட்கும் இராவணன் மீசை அந்த நிழலில் செத்துப்போகும். சவுக்கின் கீழே மணலைப் பிடிக்கும் சிறு செடி ஒன்றும் தலையெடுக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது உங்கள் மாவட்டத்தில் எத்தனை மரம் வேரோடு சாய்ந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆமைகளும் இருக்கின்றன. உங்கள் கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். ஆமைக்குத் திறந்த மணல் வேண்டும். சவுக்கு வேரும் சருகும் நிறைந்த இடத்தில் குழி தோண்ட முடியாது. முட்டை பொரியும் மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமைகிறது; சவுக்கு நிழல் விழுந்தால் அந்தச் சூடு மாறும். சுனாமிக்குப் பிறகு கரை நெடுகச் சவுக்கு வைத்தபோது ஆமைப் பாதுகாப்பில் இருந்தவர்கள் இதைத்தான் சொல்லி எதிர்த்தார்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மணல்மேடுகள் மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வருகின்றன. தலைமை ஆசிரியரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

---

பதில்: வடமராட்சி கிழக்கு

வாத்தியார் ஐயா எழுதியதை வாசித்தபோது எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் மணற்காடு என்ற இடத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயருக்கேற்ற மணல். அங்கே பழைய தேவாலயம் ஒன்று மணலில் புதையுண்டு, சுவர்கள் மட்டும் வெளியே தெரிய நிற்கிறது. காற்றோடு மணல் நகரத் தொடங்கினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் அதைத்தான் காட்டுவோம்.

அந்த மணலை நிறுத்தத்தான் அங்கே சவுக்கங்காடு வளர்த்தார்கள். காட்டுக்குள் நடந்தால் காலுக்குக் கீழே சருகு மெத்தை, ஒரு புல்லும் இல்லை. காட்டைத் தாண்டிக் கடல் பக்கம் வந்தால்தான் இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் தொடங்கும். எங்கள் பக்கத்தில் சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும்போது உருண்டைகள் வரிசையாக ஓடுவதைப் பார்க்கலாம். மன்னாரிலும் பார்த்திருக்கிறேன்.

மணல்மேட்டின் அருமை சுனாமியில் தெரிந்தது. தெற்கே யால கரையில் மேடுகள் முழுதாக இருந்த இடங்களில் தண்ணீர் உள்ளே வரவில்லை. கடல் தெரிய வேண்டும் என்று மேட்டைத் தாழ்த்தியிருந்த விடுதி இருந்த இடத்தில் அலை நேரே புகுந்து அழித்துவிட்டது. அன்றிலிருந்து யாராவது எங்கள் பக்கம் மணல் அள்ள லொறியோடு வந்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆசிரியை, உங்கள் மேட்டை விடாதீர்கள்.

---

பதில்: சிட்னியில் இருந்து

நான் தூத்துக்குடிக்காரன். இப்போது சிட்னியில் வசிக்கிறேன். வாத்தியார் ஐயா சொன்ன செரிசியஸ் எங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள கடற்கரையில் நிறைய இருக்கிறது. முதன்முதல் பார்த்தபோது பெண் உருண்டையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். குனிந்து இலையைத் தொட்டேன், குத்தவில்லை. தட்டையான, நீளமான இலை. இரண்டு பக்கமும் பட்டுப்போன்ற வெள்ளி மயிர். மாலை வெயிலில் மேடே வெளுத்து மின்னும். வெறுங்காலோடு நடக்கலாம், ஆனால் நடக்க விடமாட்டார்கள். மேட்டுக்கு இருபுறமும் கம்பி வேலி கட்டி, கடலுக்குப் போக ஒரே ஒரு பாதை விட்டிருக்கிறார்கள்.

ஒரு குறிப்பு: இங்கே ஸ்பைனிஃபெக்ஸ் என்று சொன்னால் பலருக்கும் உள்நாட்டுச் செம்மண் பாலைவனத்தில் குவியல் குவியலாக நிற்கும் முள்புல்தான் நினைவுக்கு வரும். அது ட்ரையோடியா என்ற வேறு பேரினம். அதன் பிசினைக் காய்ச்சி ஈட்டிமுனை ஒட்டுவது இங்குள்ள பழங்குடியினரின் பழைய வழக்கம். இணையத்தில் தேடும்போது இரண்டின் படங்களும் கலந்து வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத வந்ததற்குக் காரணம் வேறு. மேட்டில் வேறு செடியை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாநிலமே சாட்சி. 1946 முதல் 1968 வரை இங்கே அரசின் மண்வளத் துறையினர் கடற்கரை மணலைக் கட்டுப்படுத்த, பிட்டூ என்ற மஞ்சள் பூப் புதரை நட்டார்கள். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. மணலைப் பிடிக்கத்தான் செய்தது. பிறகு கரை நெடுகப் பரவி, இங்கேயே பிறந்த செடிகளை எல்லாம் நெருக்கித் தள்ளிவிட்டது. இன்று அது தேசிய அளவில் ஒழிக்க வேண்டிய களைகளின் பட்டியலில் இருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் தன்னார்வலர்கள் கூடி அதைப் பிடுங்குகிறோம். பிடுங்கிய இடத்தில் நடுவது எதை என்று நினைக்கிறீர்கள்? ஸ்பைனிஃபெக்ஸ் ஓடுதண்டைத்தான். நம் ஊரில் அது இலவசமாக நிற்கிறது.

---

கேட்டவர்: கடலோரப் பள்ளி ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. தலைமை ஆசிரியரிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பொக்லைன் வேண்டாம் என்று அந்த அமைப்பிடம் சொல்லிவிட்டார். குப்பையைக் கையால் பொறுக்குவோம் என்று முடிவாகியிருக்கிறது.

உருண்டையை வகுப்பில் பிரித்துப் பார்த்தோம். கேள்வி கேட்ட மாணவிதான் முதல் சிறுகதிரைக் கண்டுபிடித்தாள். ஆனால் பிரித்த பத்துப் பன்னிரண்டில் எல்லாம் பதராகவே இருந்தன. அது ஏன் ஐயா? இன்னொன்று: பிள்ளைகள் குறுக்கே ஓடி ஓடி மேட்டில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. அந்த வழியாக மணல் உள்ளே வருகிறது. அங்கே இந்தப் புல்லை நாமே நட்டு வளர்க்க முடியுமா?

---

பதில்: சவுக்குத்தோப்பு

மேட்டுக்குப் பின்னால் சவுக்கு என்றால் எனக்கும் சம்மதமே. எங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். ஆனால் வாத்தியாரிடம் ஒன்று கேட்கிறேன்: புல் மேடு கட்டி முடிக்கும் வரை பள்ளி காத்திருக்குமா? சவுக்கு இரண்டே ஆண்டில் தலைக்கு மேல் நிற்கும்.

---

பதில்: ஓய்வுபெற்ற தாவரவியல் வாத்தியார்

ஆசிரியை எழுதியதைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அந்த மாணவியை விட்டுவிடாதீர்கள். அவள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, பார்த்ததை எல்லாம் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

பதர் விழுந்ததற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆண் செடியின் தூரத்தைத்தான். மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுபோக வேண்டும். ஆண்கள் எல்லாம் படகுத்துறையில், பெண்கள் எல்லாம் கோயில் பக்கத்தில் என்றால், பூக்கும் நேரத்தில் காற்று அந்தத் திசையில் வீசாவிட்டால் உருண்டை அழகாக உருளும், உள்ளே ஒன்றும் இருக்காது. படகுத்துறைக்கு அருகில் ஏதாவது ஒரு பெண் புதர் தனியாக இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அதன் உருண்டையையும் பிரித்து, இரண்டையும் எண்ணி ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். மணி பிடித்திருந்தால் சிறுகதிரை நகத்தால் அழுத்தும்போது கடினமாகத் தட்டுப்படும்.

நடுவது முடியும், விதையைவிடத் தண்டு எளிது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் செய்யுங்கள். மணல் ஒரு முழ ஆழத்துக்காவது ஈரமாக இருக்க வேண்டும். ஓடுதண்டில் நான்கைந்து கணு வருமாறு துண்டு வெட்டுங்கள். ஏற்கெனவே வேர் விட்டிருக்கும் கணு ஒன்றாவது அதில் இருந்தால் நல்லது. வெட்டியதை வெயிலில் போடாமல் ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, அன்றைக்கே நட்டுவிடுங்கள். பள்ளம் நெடுகக் கடலுக்கு இணையாகச் சால் பறித்து, தண்டைப் படுக்கவைத்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி மூடுங்கள். மேலாக வைத்தால் காற்று மணலை அரித்து வேரை வெளியே எடுத்துவிடும். வெட்டும்போது ஒரே புதரைக் காலி செய்யாதீர்கள். இங்கொன்று அங்கொன்றாக எடுங்கள். பூவில் இருக்கும் காலத்திலேயே ஆண் புதர்களுக்கும் பெண் புதர்களுக்கும் வேறு வேறு நிறத் துணி கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்ததும் இரண்டிலிருந்தும் எடுத்து மாற்றி மாற்றி நடலாம்.

சவுக்குத்தோப்பு அன்பர் கேட்டது நியாயமான கேள்வி. மேடு முழு உயரத்துக்கு வரக் காலம் ஆகும், மறுக்கவில்லை. அதுவரை பள்ளத்தின் குறுக்கே காய்ந்த தென்னங்கீற்றுகளை முழங்கால் உயரத்துக்கு இடைவெளி விட்டு ஊன்றிவையுங்கள். நெருக்கமாகத் தடுப்புக் கட்டினால் காற்று அதைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் பள்ளம் பறிக்கும். இடைவெளி இருந்தால்தான் வேகம் குறைந்து மணல் விழும். கீற்றின் கீழே மணல் சேரச் சேரப் புல் அதற்குள் ஏறிக்கொள்ளும். உங்கள் சவுக்கு மிளாறும் இந்த வேலைக்கு மிக நன்றாக உதவும், ஒரு கட்டு அனுப்பிவைத்தால் ஆசிரியைக்குப் பெரிய உதவி.

பிள்ளைகள் கடலுக்குப் போக ஒரு வழி விட்டுத்தான் ஆக வேண்டும். அதை நேராக வைக்காதீர்கள். காற்று வீசும் திசைக்குச் சாய்வாக, நடுவில் ஒரு வளைவு இருக்கும்படி அமைத்து, இரண்டு ஓரமும் கயிறு கட்டிவிடுங்கள். நேர்வழி என்றால் அதுவே அடுத்த பள்ளமாகிவிடும். வலை காயவைப்பவர்களையும் முதலிலேயே அழைத்துப் பேசி, மேட்டுக்குப் பின்புறம் சமதளத்தில் அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் அங்கே எதுவும் நிலைக்காது.

நட்ட பிறகு தை, மாசி வரை பார்த்துவிட்டு இதே இழையில் எழுதுங்கள். எந்தத் துண்டு பிடித்தது, எது காய்ந்தது, ஆணா பெண்ணா என்று அந்த மாணவியின் நோட்டில் இருப்பதை அப்படியே போட்டால் போதும்.